வேதசாட்சி தேவசகாயமும் நமது விசுவாசமும்

ஒரகடம் கூட்டுச்சாலையில் விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸை எதிர்பார்த்து நிற்கும் நம் பங்கின் இளைஞர்கள் அடிக்கடி ஒரு கேள்விக்கு ஆளாகின்றனர். நீங்கள் இரட்சிக்கப்பட்டு விட்டீர்களா என்பதே அக்கேள்வி. கேட்பவர்கள் பிற சபைகளைச் சேர்ந்த கிறிஸ்தவச் சகோதரர்கள். ஒரே ஷிப்டில் நம்மோடு தோளுரசி வேலை செய்பவர்கள். உள்ளன்போடுதான் கேட்கின்றனர் என்பதில் நமக்கு ஐயமில்லை. நம் பிள்ளைகளோ திகைத்துப் போகின்றனர். குழந்தையிலேயே ஞானஸ்நானம் பெற்றோம், புதுநன்மை வாங்கினோம், உறுதிபூசுதலும் ஆயிற்று என்று ஒருவாறு சமாளித்துவிட்டு, ஞாயிறு திருப்பலி முடிந்ததும் நம்மிடம் வந்து விளக்கம் கேட்கின்றனர்.

இதே பங்கில் வேறொரு கேள்வியும் உண்டு. அதை யாரும் உரக்கக் கேட்பதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியில் ஒரு தொழிற்சாலை மூடப்பட்டபோது, வேலை இழந்தவர்களுள் நம் குடும்பங்களும் இருந்தன. அவர்கள் நவநாள் தவறாதவர்கள்; முழந்தாளில் நின்று மன்றாடியவர்கள். சிலர் ஊர் திரும்பினர், சிலர் காண்டிராக்ட் வேலைக்குப் போயினர், ஒருசிலர் கோவிலுக்கு வருவதையே நிறுத்திக்கொண்டனர். கேட்டது கிடைக்கவில்லை என்றால் என் விசுவாசத்தில் குறையா, அல்லது விசுவாசமே வீணா என்பது அவர்கள் நெஞ்சில் முள்ளாய் நின்ற கேள்வி.

வெள்ளிவிழா மலருக்குக் கட்டுரை வேண்டுமென்று மலர்க்குழுவினர் கேட்டபோது, இவ்விரு கேள்விகளுக்கும் சேர்த்து ஒரே மனிதரின் வாழ்க்கையைச் சொல்வது நலமென்று எண்ணினோம். திருச்சபையின் போதனை இதில் தெளிவானதே. விசுவாசம் மீட்பின் தொடக்கம், ஆயினும் நம்பிக்கையும் அன்பும் சேராத விசுவாசம் ஒருவனைக் கிறிஸ்துவோடு முழுமையாக இணைப்பதில்லை என்று 1547-ஆம் ஆண்டில் திரிதெந்தின் பொதுச்சங்கம் கற்பித்தது. லுத்தரன் சபையினரோடு நானூறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்த தர்க்கத்தில், 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் அவுக்ஸ்புர்க் நகரில் இரு தரப்பினரும் ஒரு கூட்டறிக்கையில் கையொப்பமிட்டனர். மனிதன் மீட்படைவது தன் சொந்தப் புண்ணியத்தால் அன்று, இறைவனின் அருளால்; அந்த அருளே அவனை நற்செயலுக்கும் தூண்டுகிறது என்பதில் இரு தரப்பினரும் ஒத்துப்போயினர். ஆகவே பஸ் நிறுத்தத்தில் சண்டைக்கு இடமே இல்லை. ஆனால் அறிக்கை படித்தா நாம் விசுவாசம் கற்றோம்? தாயின் மடியில் கற்றோம். புனிதர்களின் கதை கேட்டுக் கற்றோம்.

கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து பிழைப்பு நாடி இங்கு வந்து குடியேறிய நம் பங்குமக்களின் வீடுகளில் ஒரு படத்தைக் காணலாம். கையிலும் காலிலும் விலங்கு பூண்டு, கண்களை வானத்துக்கு உயர்த்தி, முழந்தாளில் நிற்கும் ஒருவரின் படம் அது. அவரே வேதசாட்சி தேவசகாயம். அவர் குருவானவர் அல்லர், துறவியும் அல்லர். மனைவியோடு குடும்பம் நடத்தி, மாதச் சம்பளத்துக்கு அலுவல் பார்த்த மனிதர். நம்மைப் போன்றவர் என்பதாலேயே அவரைத் தேர்ந்துகொண்டோம்.

அவர் பிறந்தது 1712 ஏப்ரல் 23. ஊர், அன்றைய திருவிதாங்கூரைச் சேர்ந்த நட்டாலம். தந்தை வாசுதேவன் நம்பூதிரி, தாய் தேவகி அம்மாள். நீலகண்டன் என்று பெயரிட்டு, தாய்வீட்டு மரபுப்படி வளர்த்தனர். மொழிகளும் போர்ப்பயிற்சியும் கற்று, மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் பத்மநாபபுரம் அரண்மனையில் அலுவலில் அமர்ந்தார். அங்குள்ள நீலகண்டசுவாமி கோவிலின் காரியங்களும் அவர் பொறுப்பில் இருந்தன. பார்கவி அம்மாளை மணந்தார். நிலம், வீடு, அரண்மனைச் செல்வாக்கு, உயர்ந்த குலம் என்று அக்காலத்தில் ஒருவன் விரும்பக்கூடிய யாவும் அவரிடம் இருந்தன.

1741-இல் குளச்சல் கடற்கரையில் டச்சுக் கம்பெனியின் படையைத் திருவிதாங்கூர் முறியடித்தது. சிறைப்பட்டவர்களுள் ஒருவர் யூஸ்டாக்கியுஸ் டிலனாய். இன்றைய பிரான்சிலுள்ள ஆராஸ் நகரில் பிறந்தவர், கத்தோலிக்கர், அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. அவருடைய திறமையைக் கண்ட மன்னர் அவரைத் தண்டிக்காமல், தம் படைக்குப் பயிற்சி கொடுக்கும் பணியில் அமர்த்தினார். உதயகிரிக் கோட்டையை வலுப்படுத்தியவரும் அவரே. அலுவல் நிமித்தமாக நீலகண்டனும் டிலனாயும் பழகினர். தோற்று வந்த அந்நியனும் அரண்மனை அதிகாரியும் நண்பர்களாயினர்.

அந்நாட்களில் நீலகண்டனின் குடும்பத்தை அடுத்தடுத்து நட்டங்கள் வந்து தாக்கின. கால்நடைகள் மடிந்தன, பயிர்கள் பொய்த்தன. வழக்கமான வழிபாடுகளும் பரிகாரங்களும் செய்தும் மாறுதல் இல்லை. வாடிய முகத்தைக் கண்ட டிலனாய் காரணம் கேட்டார். கேட்டபின், கிறிஸ்துவை வணங்கு, மாடு திரும்ப வரும் என்று அவர் சொல்லவில்லை. யோபுவின் கதையைச் சொன்னார். பிள்ளைகளையும் மந்தைகளையும் உடல்நலத்தையும் இழந்து சாம்பலில் உட்கார்ந்திருந்தும் கடவுளை விட்டு விலகாத மனிதனின் கதை அது.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். யோபுவின் கதை முடிவில், இழந்தவை இரட்டிப்பாகத் திரும்பக் கிடைக்கின்றன. நம்மில் பலர் அக்கதையை அந்தக் கடைசிப் பக்கத்துக்காகவே நேசிக்கிறோம். நீலகண்டனும் தொடக்கத்தில் அந்த முடிவினால் ஆறுதல் அடைந்திருக்கலாம், அவரும் மனிதர்தானே. ஆனால் அவருடைய கதையில் அந்தக் கடைசிப் பக்கம் இல்லை. விசுவாசத்துக்கு வந்தபின் அவருக்கு எதுவும் திரும்பக் கிடைக்கவில்லை. எஞ்சியிருந்தவையும் ஒவ்வொன்றாகப் போயின. வேண்டியது கிடைப்பதற்காகக் கடவுளிடம் வந்தவர் என்றால் அவர் பாதி வழியில் திரும்பியிருப்பார். திரும்பவில்லை என்பதிலிருந்து, அவர் தேடி வந்தது கடவுளையே என்று நாம் துணிந்து கூறலாம்.

டிலனாய் கொடுத்த கடிதத்தோடு நீலகண்டன் வடக்கன்குளத்துக்குச் சென்றார். அவ்வூர் திருவிதாங்கூர் எல்லைக்கு அப்பால், இன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் உள்ளது. அங்கு பணியாற்றிய சேசு சபைக் குருவானவர் ஜொவான்னி பத்திஸ்தா புத்தாரி. தமிழ் மக்கள் அவரைப் பரஞ்சோதிநாதர் என்று அழைத்தனர். அரண்மனை மனிதர் ஒருவர் ஞானஸ்நானம் கேட்டு வந்ததும் அவர் அகமகிழ்ந்து உடனே தண்ணீர் ஊற்றிவிடவில்லை. உபதேசியாரைக் கொண்டு மறைபோதனை அளித்தார். இதனால் வரக்கூடிய ஆபத்துகளை எடுத்துரைத்து, மனத்தைச் சோதித்தார். ஒரு நாள் கூட்டத்தில் கை உயர்த்தியதோடு எல்லாம் முடிந்தது என்று அவர் எண்ணவில்லை. 1745 மே 14 அன்று ஞானஸ்நானம் அளித்தார். லாசர் என்னும் விவிலியப் பெயரின் பொருளைத் தமிழாக்கித் தேவசகாயம் என்று பெயரிட்டார். கடவுள் துணைநின்றார் என்பது அதன் கருத்து. அப்போது அவருக்கு வயது முப்பத்துமூன்று.

மனைவி பார்கவி அம்மாள் முதலில் தயங்கினார். அந்தத் தயக்கத்தைக் குறைசொல்ல நமக்கு மனம் வரவில்லை. உற்றார் உறவினர் யாவரையும் இழக்க நேரும் என்று அறிந்து அஞ்சிய பெண் அவர். பின்னர் அவரும் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ என்னும் பெயர் ஏற்றார்.

ஊர் திரும்பிய தேவசகாயம் என்ன செய்தார்? தம் அறையில் இரகசியமாகச் செபித்துவிட்டு வெளியே பழையபடி இருந்திருந்தால், அரண்மனையில் எவரும் அவரைத் தொட்டிருக்கமாட்டார்கள் என்பது நம் கருத்து. அவரோ தாழ்த்தப்பட்டவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களோடு சமமாகப் பழகினார்; அவர்களோடு உட்கார்ந்து உண்டார். ஒரே தண்ணீரில் ஞானஸ்நானம் பெற்றவர்களுள் மேல் கீழ் ஏது என்று நடந்து காட்டினார். சாதிக்கொரு வழியும் சாதிக்கொரு தூரமும் வகுத்திருந்த நாட்டில், உயர்குலத்து அதிகாரி ஒருவர் இவ்வாறு செய்தது நெருப்பில் நெய் வார்த்தது போலாயிற்று.

1749 பிப்ரவரி 23 அன்று கைது செய்யப்பட்டார். அரசு இரகசியங்களை அந்நியரிடம் வெளிப்படுத்தினார், இராஜதுரோகம் செய்தார் என்று குற்றம் சாட்டினர். இதை வைத்து, மதத்துக்காக அவர் தண்டிக்கப்படவில்லை என்று வாதிடும் சரித்திர ஆசிரியர்களும் உளர். மார்த்தாண்ட வர்மாவின் அரசு கிறிஸ்தவர்களை எல்லாம் வதைத்த அரசு அன்று என்பதை நாமும் ஒப்புக்கொள்ள வேண்டும். டிலனாய் கடைசிவரை கத்தோலிக்கராகவே இருந்து அந்நாட்டின் பெரும் படைத்தலைவராக விளங்கி, 1777-இல் மரித்தார். உதயகிரிக் கோட்டையில் இலத்தீனிலும் தமிழிலும் எழுத்துப் பொறித்த அவருடைய கல்லறையை இன்றும் காணலாம். அந்நியன் கிறிஸ்தவனாய் இருப்பதைப் பொறுத்துக்கொண்டவர்கள், தம்முள் ஒருவன் கிறிஸ்தவனாகிச் சாதியையும் உதறியதைப் பொறுக்கவில்லை. பழைய வாழ்க்கைக்குத் திரும்பினால் விடுதலை என்ற வழியும் அவர்முன் வைக்கப்பட்டது என்பது திருச்சபையின் மரபு. துரோகிக்கு அப்படி ஒரு வழியை யாரும் வைப்பதில்லை.

பின் நிகழ்ந்தவற்றைக் கன்னியாகுமரி மாவட்டத்துப் பாட்டிமார் கண்ணீரோடு சொல்லக் கேட்டிருக்கிறோம். எருக்கம்பூ மாலையிட்டு, எருமைமேல் பின்புறமாக உட்காரவைத்து ஊர் ஊராகக் கொண்டுசென்றனர். உள்ளங்காலில் பிரம்பால் அடித்தனர். புண்ணில் மிளகாய்ப்பொடி தேய்த்து வெயிலில் நிறுத்தினர். புலியூர்க்குறிச்சியில் தாகத்தால் துடித்தபோது அவர் முழங்கையால் பாறையை மோத, அங்கிருந்து நீர் சுரந்தது என்பர். முட்டிடிச்சான்பாறை என்று அந்த இடத்துக்கு இன்றும் பெயர். பெருவிளையில் ஒரு வேப்பமரத்தில் ஏழு மாதம் கட்டிவைக்கப்பட்டிருந்தார். மழையும் வெயிலும் அவர் தலைமேல் விழுந்தன.

பெருவிளையில்தான் வியப்பான மாறுதல் ஒன்று நிகழ்ந்தது. கட்டுண்டவரைப் பார்க்க மக்கள் வரத் தொடங்கினர். அவமானப்படுத்துவதற்காக நடுவெளியில் கட்டிவைத்தவர்கள், அங்கே ஒரு யாத்திரைத் தலத்தை உண்டாக்கிவிட்டனர்! நோயாளிகள் அவருடைய செபத்தை நாடினர். காவலர்களின் மனமும் இளகியது. தப்பியோடும்படி அவர்களே வழிவிட்டனர் என்றும், அவர் போகவில்லை என்றும் மரபு கூறுகிறது. சாவை வலிந்து தேடினார் என்று இதற்குப் பொருளில்லை. ஓடினால், சொன்னதெல்லாம் பொய் என்று ஆகிவிடும். அவரைப் பார்த்துத் துணிவு பெற்ற எளியவர்கள் தலைகுனிய நேரும். இதனால் அவர் நின்றார் என்றே நாம் கருதுகிறோம். தமக்கு மட்டும் என்று விசுவாசத்தைக் காத்துக்கொள்பவர் ஓடலாம். பிறருக்காகவும் அதைத் தாங்குபவர் ஓடுவது கடினம்.

கூட்டம் பெருகுவதைக் கண்ட அதிகாரிகள் கதையை முடிக்க முடிவு செய்தனர். ஆரல்வாய்மொழிக்குக் கொண்டுசென்றனர். 1752 ஜனவரி 14 இரவு, காற்றாடிமலை என்னும் குன்றில் அவரைச் சுட்டுக் கொன்றனர். நடக்க முடியாத நிலையில் இருந்தவரைக் காவலர்கள் தூக்கிச் சென்றனர் என்பர். உடலைக் காட்டில் எறிந்தனர். சில நாட்களுக்குப் பின் கிறிஸ்தவர்கள் எஞ்சிய எலும்புகளைத் திரட்டி, கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்தனர்.

கணக்குப் பார்த்தால், அவர் கிறிஸ்தவராக வாழ்ந்தது ஆறு ஆண்டு எட்டு மாதம். அதில் ஏறத்தாழ மூன்று ஆண்டு விலங்கில். மரிக்கும்போது வயது முப்பத்தொன்பது. கடவுள் துணைநின்றார் என்று பெயர் பெற்றவரைத் துப்பாக்கிக் குண்டிலிருந்து காக்க எந்தத் துணையும் வரவில்லை. இதைப் பார்த்து, அவருடைய விசுவாசம் அவரை மீட்கவில்லை என்று யாரேனும் சொல்லக்கூடுமானால், சிலுவையில் தொங்கிய ஆண்டவரைப் பார்த்தும் அன்று வழிப்போக்கர் அப்படித்தான் சொன்னார்கள் என்பதை நினைவூட்டுவோம். தேவசகாயத்துக்குத் துணை கிடைத்தது வேறிடத்தில். அவர் அஞ்சவில்லை, வெறுக்கவில்லை, தம்மைக் கட்டிவைத்தவர்களைச் சபிக்கவில்லை. மிளகாய்ப்பொடி தேய்த்தவனுக்காகச் செபிக்கும் வலிமை மனிதச் சுபாவத்திலிருந்து வருவதன்று. அருள் என்று நாம் ஞானோபதேசத்தில் படித்தது இதைத்தான். வேலை போன வீட்டில், குடிக்காமலும் மனைவியை ஏசாமலும் மறுநாள் காலை எழுந்து வேறு வேலை தேடிப் போன சிலரை நம் பங்கில் நாம் அறிவோம். அவர்களுக்கும் கேட்டது கிடைக்கவில்லை. ஆனால் துணை கிடைக்கவில்லை என்று நம்மால் சொல்ல இயலாது.

செய்தி அறிந்த கொச்சி மறைமாவட்ட ஆயர் நன்றிப் பாடல் பாடச் செய்தார்; 1756-இல் உரோமைக்கும் எழுதினார். 1780-இல் கேரளத்திலிருந்து உரோமைக்குச் சென்ற சீரோ மலபார் குருக்களும் இவருக்காக விண்ணப்பித்தனர். ஆயினும் காரியம் நகரவில்லை. மக்கள் மட்டும் தலைமுறை தலைமுறையாகக் காற்றாடிமலைக்கு நடந்து சென்றுகொண்டே இருந்தனர். உரோமை எழுந்திருக்கும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை என்று வேடிக்கையாகச் சொல்லலாம். கோட்டாறு மறைமாவட்டம் 1993-இல் முறைப்படி பணியைத் தொடங்கியது. 2012 டிசம்பர் 2 அன்று நாகர்கோவிலில் முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்கப்பட்டார். 2022 மே 15 அன்று உரோமையில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். இந்தியப் பொதுநிலையினருள் இப்பேறு பெற்ற முதல்வர் அவரே. அன்று பீடமேறிய பதின்மருள் நாசிகள் தக்காவ் முகாமில் கொன்ற தீத்துஸ் பிராண்ட்ஸ்மா என்னும் டச்சுக் குருவானவரும் ஒருவர். டச்சுப் படைத்தலைவரிடம் விசுவாசம் கற்ற நம்மவர் பக்கத்தில் ஒரு டச்சுக்காரர்! மகிழ்ச்சி தரும் தற்செயல்தான்.

புனிதர் பட்டத்தின்போது அவருடைய பெயரோடு வழங்கிவந்த சாதிப்பட்டம் விடப்பட்டது. இது சிறு காரியமன்று. ஏனென்றால் இக்கதையில் நாம் மறைக்கக்கூடாத ஒரு பகுதி உண்டு. தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய பெரிய ஆலயத்தை இரு கிளையாக அமைத்து, சாதிக்கொரு கிளையில் மக்களை உட்காரவைத்து, நடுவே சுவர் எழுப்பினர். இரு பக்கத்தாருக்கும் ஒரே பீடம், ஒரே நற்கருணை, இடையில் சுவர்! 1910-இல் சேசு சபைக் குருவானவர் கௌசானல் அந்தத் தடுப்பை இடித்தார். உயர்ந்த சாதியார் என்று தம்மை எண்ணியவர்கள் வழக்குத் தொடுத்தனர், வழக்கு சென்னை உயர்நீதிமன்றம்வரை சென்றது, அவர்கள் தோற்றனர். சுவர் கட்டியவர்களும் விசுவாசப் பிரமாணத்தை ஒரு சொல் பிழையின்றிச் சொன்னவர்கள்தாம். ஞானஸ்நானச் சான்று கேட்டால் அவர்களும் காட்டியிருப்பார்கள். நம் பங்கில் அப்படிச் சுவர் இல்லை. ஆனால் அன்பியக் கூட்டம் இன்ன வீட்டில் நடந்தால் வருவோம், இன்ன வீட்டில் நடந்தால் தண்ணீர் குடிக்கமாட்டோம் என்ற பேச்சு முற்றிலும் ஒழிந்ததா? ஊர்விட்டு ஊர் வந்தும், ஒரே கம்பெனிச் சீருடை அணிந்தும், சாதியை மட்டும் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்தவர்கள் நம்முள்ளும் உண்டு. பஸ் நிறுத்தத்துச் சகோதரரின் கேள்வி உண்மையில் உறைக்க வேண்டிய இடம் இதுதான் என்று நமக்குத் தோன்றுகிறது.

ஞானப்பூ அம்மாளைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க இயலாது. கணவரின் மரணத்துக்குப் பின் அவர் நட்டாலத்துக்குத் திரும்பிப் பழைய உறவோடு ஒட்டிக்கொள்ளவில்லை. வடக்கன்குளத்திலேயே தங்கி, எஞ்சிய வாழ்நாளைச் செபத்திலும் எளிமையிலும் கழித்தார். அவரை யாரும் மரத்தில் கட்டவில்லை, சுடவில்லை. முதலில் தயங்கிய அந்தப் பெண், கணவரும் இல்லாமல், பிறந்த வீடும் இல்லாமல், ஆண்டுக்கணக்கில் அதே விசுவாசத்தில் நின்றார். இரண்டில் எது கடினம் என்று நம் தாய்மாரைக் கேட்டால் சொல்லுவார்கள். அவருடைய கல்லறையும் வடக்கன்குளத்தில்தான் இருக்கிறது.

புனிதரின் திருநாள் ஜனவரி 14. பொங்கலுக்கு ஊருக்குப் போகும் நம் பங்குமக்கள் அப்போது பெரும்பாலும் நாகர்கோவில் பஸ்ஸில் இருப்பார்கள். காவல்கிணறு தாண்டியதும் ஆரல்வாய்மொழி வருகிறது. வடக்கன்குளமும் காவல்கிணற்றுக்கு அருகில்தான். ஆரல்வாய்மொழியில் இறங்கிக் காற்றாடிமலைக்குச் சென்று செபித்துவிட்டு, வேறு பஸ் பிடித்துப் போகலாம். சிறு பிள்ளைகளோடு செல்பவர்கள் வெயில் ஏறுமுன் குன்றில் ஏறி இறங்கிவிடுவது நல்லது.